அரை எலுமிச்சம்பழமும் மூன்று டன் மணப்பெண்ணும்

அத்தியாயம் 9

"இந்த அரை எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு மூணு டன் கல்லு மூடியை நான் தூக்கிக் காட்டறேன். கயிறு வேண்டாம், கிரேன் வேண்டாம், துணைக்கு ஆளும் வேண்டாம்" என்றார் வதீ ஸக்கா.

மிஸ்பா எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பிறகு துப்பறிவாளரைப் பார்த்தான். மீசையோடு சேர்த்து ஐம்பத்திரண்டு கிலோ. மீசையை எடுத்துவிட்டால் நாற்பது தேறுமா என்பதே சந்தேகம்.

"தலைவரே, போன வாரம் கார் பஞ்சரானப்போ ஸ்டெப்னியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். முதுகுப் பிடிப்புன்னு ஆலிவ் மரத்தடியில போய் உட்கார்ந்துட்டீங்க."

"அன்னைக்குக் கையில எலுமிச்சம்பழம் இல்லைடா."

வதீ ஸக்கா சுங்க இலாகாவில் முப்பத்தி நாலு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவர் பிடித்த கடத்தல் சிகரெட்டுகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்து, பெய்ரூட் துறைமுக வாசலில் இரண்டு பெட்டி மிச்சமிருக்கும் என்பது அவரே போட்ட கணக்கு. மிஸ்பா அவருடைய உதவியாளன், டிரைவர், எதிர்க்கட்சி. தன்னைவிட வயதில் மூத்த ஒரு பென்ஸ் டாக்ஸியைப் பதினோரு வருஷமாகக் கெஞ்சியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் அந்தச் சமையலறையில் மூன்றாவதாக ஒருத்தி, அந்த வீட்டுக்காரி, இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"என் புருஷன் எங்கேன்னு கேட்டுத்தானே உங்ககிட்ட வந்தேன்?" என்றாள் ஹஸ்னா. "நீங்க கல்லைத் தூக்கறேங்கறீங்க. இதுக்கு முன்னாடி வந்தவங்க காபியைக் குடிச்சுட்டு, பொய் சொல்லாமலாவது எழுந்து போனாங்க."

எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில், சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஐன் ஸர்வ் ஊர் அருங்காட்சியகத்தின் இரவுக் காவலாளி ரம்ஸி ஒரு நாள் காலையில் காணாமல் போனான். கூடவே ஒரு தட்டு நிறைய இருந்த பழைய தங்க நகைகளும் போயிருந்தன. நகைகளை அள்ளிக்கொண்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு காவலாளி ஓடிவிட்டான் என்று அழுதுகொண்டே ஊரைக் கூட்டியவர் அப்போதைய இயக்குநர் நஸீப் கரம். பெரியதாவது மிஞ்சட்டும் என்று, கூடத்தின் நடுவில் இருந்த ரோமானியக் கல்பேழையைச் சுற்றி அன்றைக்கே கான்கிரீட் ஊற்றி மூடினார். பேழையின் முகப்பில் புறாவைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு பெண்ணின் உருவம் உண்டு. அதனால் ஊர் அதை மணப்பெண் என்றுதான் சொல்லும்.

அன்று முதல் ஊருக்கு நஸீப் காப்பாற்றியவர். ஹஸ்னா திருடன் பெண்டாட்டி. கல்யாணமாகி எட்டு மாதம், வயது இருபத்தொன்று.

மறுவருஷம் நஸீப்பே அவளைக் கூப்பிட்டு அருங்காட்சியகத்தில் துடைக்கும் வேலை கொடுத்தார். எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊர் அதற்கும் கைதட்டியது. பெருநாள் தவறாமல் ஒரு கிலோ காபித்தூள் டப்பாவும் அவர் வீட்டிலிருந்து வரும்.

இப்படியே நாற்பத்தொரு வருஷம். போன மாதம்தான் கான்கிரீட்டை உடைத்தார்கள். மணப்பெண் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தாள். நேற்று அதற்கு விருந்து. நஸீப்பின் மார்பில் கவர்னர் பதக்கம் குத்தினார். பாத்திரம் கழுவியது ஹஸ்னா.

அந்த விருந்தைப் பற்றி அவள் சற்றுமுன் புலம்பிய புலம்பலில்தான் வதீயின் மீசை இரண்டு முறை துடித்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. தட்டெல்லாம் எங்கே வச்சாங்க?"

"மணப்பெண் தலைமேலதான்! மேஜையில இடமில்லையாம். மூடி தட்டையா இருக்குல்ல? கிப்பே, தபூலே, வறுத்த மீனு, எல்லாம் அது மேல. நகரசபைத் தலைவர் ஒரு சாய்வு சாய்ஞ்சார் பாருங்க, மூடியே ஒரு விரக்கடை நகர்ந்து போச்சு."

"அவர் சாய்ஞ்சா லெபனான் மலையே ரெண்டு அடி கடல்ல இறங்கும்" என்றான் மிஸ்பா.

"சாயங்காலம் தலைவலின்னு வந்துட்டேன். இன்னைக்கு விடியக்காலம் போய்ப் பார்த்தா, பிழிஞ்ச எலுமிச்சம்பழம் ஏழெட்டு, அந்தக் கல்லு மூடி மேலேயே கவுந்து கிடக்கு. ராத்திரி பூரா! எனக்கு உயிரே போயிடுச்சு. நல்லவேளை, துடைச்சதும் சுத்தமாப் போயிடுச்சு. அந்தக் காலத்துக் கல்லு அந்தக் காலத்துக் கல்லுதான். என் வீட்டுதைப் பாருங்க!"

அவள் காட்டிய சமையல் மேடை சலவைக்கல். அதில் அங்கங்கே வெளுத்துப் போன வட்டங்கள். எலுமிச்சம்பழத்தைச் சலவைக்கல்லில் கவிழ்த்து வைத்தால் பளபளப்பு செத்து வட்டம் விழும் என்பது அந்தக் கடற்கரையில் பெண்பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்வது.

"இந்தப் பெரிய வட்டம் கல்யாணமான முதல் வாரம் விழுந்தது" என்றாள் ஹஸ்னா. "இந்தக் கல்லை அவர்தான் தோள்ல சுமந்துட்டு வந்து போட்டார். ரெண்டே நாள்ல முத்திரை குத்திட்டியேன்னு கேலி பண்ணினார். தேய்ச்சா போயிடும்னாங்க. நான் தேய்க்கலை."

வதீ காபியைக் குடித்து முடித்தார். பாகாக இனித்தது. அந்த வீட்டுக் காபி எப்போதும் அப்படித்தான். சர்க்கரை இல்லாத காபி என்றால் அந்தச் சீமையில் ஒரே அர்த்தம்: துக்க வீடு. சொந்தத் தாய் செத்தபோதுகூட, அண்ணன் வீட்டில் போய் ஊற்றிக்கொள்ளுங்கள், இந்த அடுப்பில் கசப்பு ஏறாது என்று சொல்லிவிட்டவள் ஹஸ்னா.

"அம்மா, நீங்க இன்னைக்கு மறுபடி வேலைக்குப் போக வேண்டாம்" என்றார் எழுந்துகொண்டே. "வீட்டிலேயே இருங்க."

"தரையை யார் துடைப்பா, உங்க எலுமிச்சம்பழமா?"

*

கார் நான்காவது உதைக்குக் கிளம்பியது.

"ஹஸ்னாக்காவை எதுக்கு வீட்ல இருக்கச் சொன்னீங்க தலைவரே?"

வதீ பையைத் திறந்து எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மூன்று கேள்விக்கு முப்பது பதில் சொல்கிற மனிதர். மிஸ்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

அருங்காட்சியகக் கூடத்தில் சிவப்புக் கயிற்றுக்குள் மணப்பெண் நின்றாள். முன்னால் புதுப் பலகை: 'பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம். தொடுவது தண்டனைக்குரிய குற்றம்.' பலகையின் காலடியில் நேற்றைய மீன் முள் ஒன்று கிடந்தது. காவலுக்கு வந்த சார்ஜென்ட் சுவரோடு சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கி, தொன்மையைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நாற்காலி போட்டு நஸீப் கரம். எண்பத்து நாலு வயது. பதக்கம் இன்னும் மார்பில் இருந்தது. குளிக்கும்போதும் சோப்பை அதைச் சுற்றித்தான் போட்டிருப்பார்.

"வாங்க, வாங்க! மணப்பெண்ணைப் பார்க்க வந்தீங்களா?"

"கும்பிட வந்தோம் பெரியவரே" என்றார் வதீ. "இது என்ன கல்லு?"

"அசல் சலவைக்கல். கிரேக்கத் தீவுலேருந்து கப்பல்ல வந்தது. ஆயிரத்தெண்ணூறு வருஷம். மூடி மட்டும் மூணு டன்."

"இந்த வாசப்படி?"

"அதுவும் சலவைக்கல்தான். ஏன்?"

வதீ பையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்தார். வாசற்படியின் ஓரத்தில் பிழிந்தார். நேரே நடந்து, கயிற்றைத் தாண்டி, மணப்பெண்ணின் மூடிமேலும் நாலு சொட்டு பிழிந்தார்.

"தொடாதே!" நஸீப் போட்ட கூச்சலில் சார்ஜென்ட் சுவரை விட்டு நிமிர்ந்தார். "சட்டம் இருக்கு! இது பாதுகாக்கப்பட்ட சின்னம்!"

"நேத்து கவர்னரோட மீன் தட்டு மேல உட்கார்ந்திருந்தப்போ சட்டம் சாப்பிடப் போயிருந்துச்சா?" என்றான் மிஸ்பா.

வதீ ஒரு சிகரெட் பற்ற வைத்தார். அது முடியும்வரை யாரையும் பேச விடாமல் தான் மட்டும் பேசினார். ஒருமுறை திமிங்கிலத்தின் வயிற்றில் பதுக்கிய தொள்ளாயிரம் கைக்கடிகாரங்களை டிக்டிக் சத்தத்தை வைத்தே பிடித்த கதை. சார்ஜென்ட் நம்பிவிட்டார். கதை முடிந்ததும் கைக்குட்டையால் இரண்டு இடத்தையும் துடைத்தார்.

வாசற்படியில் மங்கலாக ஒரு தழும்பு. மூடியில் ஒன்றுமே இல்லை. எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கியது.

"ஆயிரத்தெண்ணூறு வருஷக் கல்லுக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணும் பண்ணலை. வாசப்படிக்கு மட்டும் பண்ணுது. மிஸ்பா, தட்டிப் பாரு."

மிஸ்பா விரல் முட்டியால் தட்டினான். டொக் டொக் என்றது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

"தலைவரே! இது என் மச்சானோட படகு!"

"என்னது?"

"ஃபைபர்! மீன்பிடிப் படகு செய்யறது. தட்டினா இப்படித்தான் கேட்கும். மேல வர்ணம் பூசியிருக்கான்."

நஸீப் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, அந்த வெளுப்பில் ரத்தம் ஊறியது.

"அடப் பாவி ரம்ஸி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நகையோட போச்சுன்னு நினைச்சேனே! மணப்பெண்ணையே வித்துட்டுப் பொம்மையை வச்சுட்டு ஓடியிருக்கானே! நான் முட்டாள், பொம்மைக்குக் கான்கிரீட் போட்டுக் காவல் காத்தேனே! சார்ஜென்ட், எழுதிக்கோங்க!"

சார்ஜென்ட் எழுத ஆரம்பித்தார்.

வாசலில் தண்ணீர் வாளி டங்கென்று தரையில் பட்டது. ஹஸ்னா நின்றாள். துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இல்லை" என்றாள்.

"இன்னுமா பரிஞ்சு பேசறே?" என்றார் நஸீப். "உன்னைக் கூப்பிட்டு வேலை குடுத்தேனே, அதுக்கா?"

மிஸ்பாவுக்கு வதீயின் மீசையைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது. காலையில் ஒரு தட்டு நகைத் திருடனாக இருந்தவனை, அரை எலுமிச்சம்பழத்தால் மூன்று டன் திருடனாக்கிவிட்டார். இதற்குச் சும்மா இருந்திருக்கலாம்.

"வதீ ஐயா" என்றாள் ஹஸ்னா. "இதுக்குத்தான் வந்தீங்களா?"

வதீ அவளைப் பார்க்காமல் நஸீப்பையே பார்த்தார்.

"பெரியவரே, ஒரே ஒரு சந்தேகம். அன்னைக்குக் காலையில நீங்க வந்தப்போ இந்தக் கதவு எப்படி இருந்துச்சு?"

"பூட்டியிருந்துச்சு. போலீஸ்ல அப்பவே சொல்லியிருக்கேன். என் சாவியைப் போட்டுத் திறந்தேன். அவன் சாவியைத்தான் அவன் எடுத்துட்டு ஓடிட்டானே!"

"ஆக, ரெண்டே சாவி. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு அவன்கிட்ட."

"ஆமாம்."

"சுங்கத்துல முப்பத்தி நாலு வருஷம் திருடனுங்களோட குடும்பம் நடத்தினேன். திருடிட்டு ஓடறவன் கதவைச் சாத்திட்டுக்கூட ஓடி நான் பார்த்ததில்லை. இவன் நின்னு, சாவியைத் துழாவிப் பூட்டிட்டு ஓடினானாக்கும்? மறுநாள் காலையில அதே கதவைத் திறக்க வேண்டியவன்தான் பெரியவரே பூட்டிட்டுப் போவான்."

நஸீப்பின் கை தானாகப் பதக்கத்துக்குப் போனது.

"சுங்கத்துல இன்னொரு பாடம். வெளியே போனதுக்கு அடையாளமே இல்லாத சரக்கு உள்ளேதான் இருக்கும்." வதீ எலுமிச்சைத் தோலை ஜேபியில் போட்டுக்கொண்டார். கைகளைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக ஹஸ்னாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே போங்க."

"நாற்பத்தொரு வருஷமா வெளியேதான் நிக்கறேன்" என்றாள் ஹஸ்னா.

நகரவில்லை.

"மூடியைத் தொட்டா கைது பண்ணணும்" என்றார் நஸீப். அது இப்போது கூச்சலாக இல்லை. "பெய்ரூட்லேருந்து உத்தரவு வரணும். சட்டம்... சார்ஜென்ட்..."

சார்ஜென்ட் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

நகரசபைத் தலைவர் சாய்ந்து நகர்த்திய அந்த விரற்கடை இடுக்கில் வதீ பத்து விரல்களையும் விட்டார். மூடியை ஒட்டியிருந்த பழைய பசை, கான்கிரீட்டை உடைக்கும்போதே விண்டு போயிருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ மனிதர், ஸ்டெப்னி தூக்காத மனிதர், ரொட்டிப் பெட்டியைத் திறப்பதுபோல மணப்பெண்ணின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே காக்கிக் கோட்டு ஒன்று இருந்தது. கோட்டுக்குள் ரம்ஸி இருந்தான், நாற்பத்தொரு வருஷத்தில் எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு. தொப்பியின் பித்தளை வில்லை மார்புமேல் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு சாண் நீள இரும்புச் சாவி. சாவியின் வளையத்தில் நிறம் செத்துப்போன சிவப்புக் கம்பளி நூல், மூன்று முடிச்சு.

தங்கம் ஒரு குண்டுமணிகூட இல்லை.

ஹஸ்னா கிட்டே வந்தாள். முடிச்சைத் தொட்டாள்.

"எதையாவது எங்கேயாவது வச்சுட்டுத் தேடுவார்" என்று யாருக்கோ விளக்குவதுபோலச் சொன்னாள். "அதான் கட்டி விட்டேன். தொலைக்கலை பாருங்க. சாவி இருக்கு."

"அவன் வந்திருக்கக்கூடாது" என்றார் நஸீப் தரையைப் பார்த்து. "வெடிகுண்டு விழற ராத்திரி. வேலைக்கு வராதேன்னு சொல்லி விட்டிருந்தேன். வந்துட்டான். மணப்பெண்ணை லாரியில ஏத்திட்டிருந்தோம், பார்த்துட்டான்."

"மணப்பெண் எங்கே?" என்றார் வதீ.

"கடலுக்கு அந்தப் பக்கம். ஒரு பணக்காரர் தோட்டத்துல. ரோஜாச் செடி வச்சிருக்காங்களாம்." கிழவர் தலையைத் தூக்கி ஹஸ்னாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். "உன்னை நான் பட்டினி போட்டேனா, சொல்லு? வேலை குடுத்தேன். பெருநாளைக்குப் பெருநாள் காபி அனுப்பினேன்."

"அனுப்பினீங்க" என்றாள் ஹஸ்னா. "நாற்பது வருஷம் தினம் ரெண்டு வேளை அவரைச் சுத்தித் தரையைத் துடைக்க வச்சீங்க. அந்த மூலையில தண்ணி நிக்குது, நல்லாத் துடைன்னு சொல்வீங்க."

சார்ஜென்ட் வந்து நஸீப்பின் தோளில் கை வைத்தார். கொண்டுபோகும்போது பதக்கத்தைக் கழற்ற வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு உத்தரவு பெய்ரூட்டிலிருந்துதான் வரவேண்டும் போலிருந்தது. பதக்கத்தோடே கூட்டிப் போனார்.

*

"உங்களுக்குக் காலையிலேயே தெரியும்" என்றான் மிஸ்பா காரில். "மூடி நகர்ந்துச்சுன்னு அக்கா சொன்னப்பவே தெரியும். அதான் வீட்ல இருக்கச் சொன்னீங்க."

"பாதி தெரியும்."

"பாதி தெரிஞ்சும் கையில எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு வேடிக்கை பேசினீங்க. அவங்க முன்னாடியே."

வதீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நனைந்த பூனை வால் மாதிரித் தொங்கியது.

"மூடியைத் தூக்கறதுலேயே குறியா இருந்துட்டேன்டா. மூடிக்குப் பக்கத்துல யார் நிப்பாங்கன்னு நினைக்கலை. வீட்ல இருங்கன்னு சொன்னதோட என் கடமை தீர்ந்துச்சுன்னு வந்துட்டேன்."

மிஸ்பா கியரை மாற்றினான்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஹஸ்னா வீட்டுக்கு ஊர் வந்துவிட்டது. நாற்பத்தொரு வருஷம் இந்த வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் போனவர்கள் எல்லாரும் இப்போது கறுப்புத் தலைத்துண்டோடு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கடன் கொடுக்க மறுத்த பலசரக்குக்கடை ஸல்ஹபின் மனைவி எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். "தங்கமான பையன்! எனக்கு அப்பவே தெரியும்!"

அப்பவே தெரிந்தவர்கள் அந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள்.

நஸீப் வீட்டுக் காபி டப்பா, பாதி தூளோடு, தெருக்குப்பைமேல் கிடந்தது. புதுத் தூளை மிஸ்பாதான் வாங்கி வந்தான். ஹஸ்னா யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. தானே கொதிக்க வைத்தாள், தானே ஊற்றினாள். பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள். முதல் கிண்ணம் வதீக்கு, அடுத்தது மிஸ்பாவுக்கு.

மிஸ்பா ஒரு வாய் குடித்தான். இந்த வீட்டு இனிப்புக்குப் பழகிய நாக்கு அடுத்த கணம் சுருண்டது.

கசப்பு. ஒரு கரண்டி சர்க்கரைகூட இல்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஹஸ்னா சமையல் மேடையில் அந்தப் பெரிய வெள்ளை வட்டத்தின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள். வதீ கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அந்த மாவட்டம் அன்றுதான் பார்த்தது.

ஸல்ஹபின் மனைவிக்கு அழுகை ஓய்ந்ததும் ஆவல் எழுந்தது. ஹஸ்னாவின் தலைத்துண்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, இந்த மீசைக்காரர் அரை எலுமிச்சம்பழத்தை வச்சு மூணு டன் மூடியை ஒண்டியாத் தூக்கினாராமே? ஊரெல்லாம் பேசிக்குது. கேக்கறவன் கேனையனா இருந்தா... நீயே சொல்லு, நம்பற மாதிரியா இருக்கு?"

வதீ தலையைத் தூக்கவில்லை.

ஹஸ்னா அவள் கிண்ணத்தில் கசப்புக் காபியை விளிம்புவரை ஊற்றினாள்.

"தூக்கினார்" என்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ளே அவர் இருந்தார்."